டப்பாவை யார் முன்னால் திறப்பார்கள்? அன்பானவருக்கு சாக்லேட் சிப் குக்கீ செய்யும் முன் யோசிக்க வேண்டியவை

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தை மாதம் அவனுக்கு நிச்சயம் ஆனது, கல்யாணம் ஆவணியில். பெண் வீடு தருமபுரி. வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பிறந்தநாள். சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணா, அவளுக்கு சாக்லேட் சிப் குக்கீன்னா உயிரு. கடையில வாங்காம நானே செஞ்சு எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். முட்டை போடறதா வேணாமா? ஓவன் ஒண்ணு வாங்கிடட்டுமா? இந்த வெயில்ல தருமபுரி போய்ச் சேர்றதுக்குள்ள உருகிடாதா?"

மூன்றுமே சரியான கேள்விகள். நான் ஏழு வருடமாக இதைச் செய்து வருகிறேன். முதலில் எங்களுக்கு நிச்சயம் ஆகியிருந்த காலத்தில்; பிறகு மனைவி ஓசூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதும். அன்று அவனிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

அவன் முதலில் நினைத்தது ரோஜாப் பூங்கொத்து. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா காதலர் தினத்துக்குக் கடல் கடந்து போகிறது. நமக்கோ கைக்கெட்டும் தூரம். மாம்பழ சீசனும் வந்துவிட்டது. ஆனால் மாம்பழக் கூடை என்பது சம்பந்தி வீட்டுக்குப் போவது, பெரியவர்கள் பெரியவர்களுக்குக் கொடுப்பது. ரோஜா இந்த வெயிலில் சாயங்காலமே தலை தொங்கிவிடும். ஒருத்திக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதைத் தன் கையாலேயே செய்து எடுத்துப் போவது வேறு. அந்த முடிவு அவனே எடுத்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

அப்புறம் நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டப்பாவை யார் முன்னால திறப்பாங்க, எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முட்டை, மாவு, சாக்லேட், அடுப்பு எல்லாவற்றுக்கும் பதில் தானாக வந்துவிடும். பலர் செய்முறையிலிருந்து தொடங்குகிறார்கள். டப்பா திறக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும் என்பது என் கட்சி.

கடையா, வீடா

பாக்கெட்டில் வரும் சாக்லேட் சிப் குக்கீ மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். அதனால் ஈரமே இல்லாதபடி சுடுகிறார்கள். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். நம் ஊர் பேக்கரிகளின் பட்டர் பிஸ்கட்டும் நன்றாகவே இருக்கும். வாயில் போட்டால் உதிரும். இவை இரண்டாலும் தர முடியாத ஒன்று வீட்டில் சுட்ட குக்கீயில் உண்டு. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்தென்ற பதம். பிய்த்தால் கொஞ்சம் இழுபட்டுத்தான் பிரியும். அந்தப் பதம் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் இருக்கும். கடைக்காரர் அதைச் செய்து அலமாரியில் அடுக்க முடியாது.

ஆக, வீட்டில் செய்துவிட்டு அதையும் கடைக் குக்கீ மாதிரி வறட்டிவிட்டால் பட்ட பாட்டில் பாதி வீண். ஒருவேளை உங்களவருக்கு மொறுமொறுப்புதான் பிடிக்கும் என்றால் வேலை சுலபம். மெல்லிசாகத் தட்டி, நாலு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் பத்து நாள் தாங்கும், கூரியரிலும் அனுப்பலாம். தம்பியின் வருங்கால மனைவிக்கு மெத்தென்றுதான் பிடிக்குமாம். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

இந்தக் குக்கீயின் கதையும் இதற்குப் பொருத்தமானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் என்ற ஊரில், டோல் ஹவுஸ் இன் என்ற விடுதியை நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்டு 1930-களில் செய்த பண்டம் இது. 1938-இல் அவருடைய சமையல் புத்தகத்தில் ஏறியது. கை தவறி சாக்லேட் விழுந்து பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது; மனையியல் முறையாகப் படித்தவர் அவர், தெரிந்தே செய்ததுதான் என்று நான் நம்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து போர்முனையில் இருந்த பிள்ளைகளுக்கும் கணவன்மார்களுக்கும் பார்சலில் போனது இந்தக் குக்கீதான். மற்ற ஊர்ச் சிப்பாய்களும் ருசி பார்த்து, தங்கள் வீட்டுக்கும் எழுதிக் கேட்கப் போய்த்தான் நாடு முழுக்கப் பரவியது. தூரத்தில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து டப்பாவில் போவது அதன் பிறவிக் குணம்.

வெள்ளிக்கிழமையும் முட்டையும்

என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். நிச்சயம் ஆன வருடம் நான் தருமபுரிக்கு எடுத்துப்போன டப்பாவில் பதினாறு குக்கீ இருந்தது. என் மனைவியின் ஊரும் அதேதான். கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். மாமா, அத்தை, மச்சான், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மனைவியின் பாட்டி, ஆயா, மட்டும் கையில் வாங்கி, "முட்டை போட்டிருக்கா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருப்பி வைத்துவிட்டார். கோபமில்லை, அவர் முட்டை தொடுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பல நாள் மனதிலேயே இருந்தது.

கல்யாணம் ஆகி இரண்டு வருடம் கழித்து மனைவி சொன்னாள்: "அன்னிக்கு எனக்குக் கிடைச்சது பாதிதாங்க. மீதிப் பாதிய என் தம்பி பிடுங்கிட்டான்."

நம் ஊரில் நிச்சயம் ஆன பெண்ணுக்குக் கொடுக்கும் டப்பா அந்தப் பெண்ணுக்கு மட்டும் போவதில்லை. வீட்டுக்குப் போகிறது. அதை மறந்துவிட்டு முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். சித்தி மகனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் வீட்டில் வெள்ளிக்கிழமை யாருமே முட்டை சாப்பிட மாட்டார்கள். முட்டை போட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் வரை அதைத் திறக்க முடியாது.

ருசியை மட்டும் பார்த்தால் முட்டைதான் ஜெயிக்கும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. மஞ்சள் கருவின் கொழுப்புதான் அந்த இழுபடும் பதத்தைத் தருகிறது. வெள்ளைக் கரு கட்டிப்பிடித்து உருவம் கொடுக்கிறது. நிறமும் நன்றாக ஏறுகிறது. முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி பால் ஊற்றினால் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் பிஸ்கட்டுக்குப் பக்கமாக வரும். தயிர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கி, கேக் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் முட்டை மாதிரியே வழவழப்பாகும். பதத்தில், மூன்றிலும் இதுதான் முட்டைக்கு நெருக்கம். ஆனால் ஒரு விதை வாசனை இருக்கும். அந்த வாசனையை மறைக்க மாவில் ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தம்பிக்கு முட்டை கூடாது. இதில் யோசிக்கவே வேண்டாம்.

மாவும் சர்க்கரையும்

மைதா மட்டும் போட்டால் எல்லோருக்கும் தெரிந்த குக்கீ. கேழ்வரகு கலந்தால் அது நம் பக்கத்துக் குக்கீ. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் கேழ்வரகு விளையும் மண். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அந்த ஊர்ப் பெயரிலேயே கேழ்வரகு ரகங்கள் வந்திருக்கின்றன. களி கிண்டி வளர்ந்த நாக்குக்கு அந்த வாசனை பழக்கப்பட்டது. சாக்லேட்டின் கசப்போடு கேழ்வரகு ரொம்ப நன்றாகச் சேர்கிறது. ஆளி விதை வாசனையும் அதற்குள் அடங்கிப்போகும்.

ஆனால் முழுக்கக் கேழ்வரகு போட்டுவிடக் கூடாது. மைதாவைக் கட்டிப்பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அதில் கிடையாது. கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிரும். பஸ்ஸில் குலுங்கினால் டப்பாவில் தூள்தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு, இரண்டு பங்கு மைதா. கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, ஆறவைத்துக் கலந்தால் பச்சை வாசனை போய்விடும். கோதுமை மாவில் தவறில்லை, சப்பாத்தி வாசனை கொஞ்சம் வரும். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.

சர்க்கரையில் வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்புக்கு, பழுப்புச் சர்க்கரை மெத்தென்ற பதத்துக்கு. பழுப்புச் சர்க்கரை என்று கடையில் விற்பது வெள்ளைச் சர்க்கரையோடு கழிவுப்பாகு சேர்ந்தது, விலையும் அதிகம். நம்மிடம் நாட்டுச்சர்க்கரை இருக்கிறது. கடத்தூர் பக்கம் காய்ச்சும் வெல்லத்தைச் சீவிப் போட்டாலும் சரி. ஈரத்தைப் பிடித்து வைக்கும், லேசான புளிப்பு சோடாவை வேலை செய்ய வைக்கும், ஒரு பாகு வாசனை வரும். சலித்துவிட்டுப் போடுங்கள், தூசு இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நாட்டுச்சர்க்கரை, ஒரு பங்கு வெள்ளை என்பது என் கணக்கு. முழுக்க வெல்லம் போட்டால் ஓரம் மொறுமொறுப்பாவதில்லை.

சாக்லேட்: சித்திரை வெயிலில் பெரிய கேள்வி

சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. நாக்கில் வைத்ததும் சாக்லேட் கரைவது அதனால்தான். சித்திரையில் இந்த இரண்டு ஊரிலும் பகல் வெயில் 38-ஐத் தொடும். பஸ்ஸில் ஜன்னலோரம் மடியில் இருக்கும் டப்பாவுக்குள் இன்னும் கூடும். ஆக, அந்தப் பெண்ணின் நாக்கில் நடக்க வேண்டியது வழியில் காரிமங்கலம் தாண்டும்போதே டப்பாவுக்குள் நடந்துவிடும். உருகினது மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாகப் படர்ந்துவிடும். பூஞ்சை இல்லை, கொழுப்பு மேலே வந்து படிவது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் டப்பாவைத் திறப்பவருக்கு அது தெரியாது, பழசு என்று நினைத்துவிடுவார்.

இதற்கு மாற்றாகக் கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் காம்பவுண்ட் சாக்லேட் இருக்கிறது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு. கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும், விலை பாதிக்கும் கீழே. வாங்கும்போது உறையில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். கோகோ வெண்ணெய் என்று இருந்தால் நிஜச் சாக்லேட், அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். காம்பவுண்ட் இனிப்பாக இருக்கும், சாக்லேட்டின் ஆழம் இருக்காது, கடைசியில் வாயில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும்.

மூன்றாவது, சிப்ஸ் என்றே விற்கும் சின்னத் துளிகள். நிஜச் சாக்லேட் சிப்ஸிலும் கோகோ வெண்ணெயைக் குறைத்துத்தான் செய்கிறார்கள், அடுப்பில் உருவம் கலையாமல் இருப்பதற்காக. பார்க்க அழகு. பாரை வாங்கிக் கத்தியால் நறுக்கிப் போட்டால் உருவம் இருக்காது. ஆனால் சின்னச் சின்னக் குளங்களாக உருகி மாவோடு கலந்து நிற்கும். வீட்டில் சாப்பிட எனக்கு நறுக்கிய பார்தான். 55 சதவீத அமுல் டார்க் பார் ஒன்று 150 கிராம், ஒரு ஈடுக்கு அதுவே சரியான அளவு. கடையில் குளிர்ப்பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெளியே அலமாரியில் இருப்பது ஏற்கெனவே ஒருமுறை உருகி இறுகியிருக்கும்.

அப்படியானால் வெயிலில் போகும் டப்பாவுக்கு எது? பல வருடம் காம்பவுண்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றிக்கொண்டேன். நிஜச் சாக்லேட்டையே போட்டு, ஒரு துண்டுகூட மேல் பக்கத்தில் தெரியாதபடி உருண்டைக்குள் மூடிவிட வேண்டும். கடைகளில் படத்துக்காக மேலே நாலு சிப்ஸை அழுத்தி வைப்பார்கள். அதுதான் உருகி ஒன்றோடொன்று ஒட்டுகிறது. உள்ளே இருப்பது உருகினாலும் எங்கும் போகாது, குக்கீ அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியே சாதாரணப் பழுப்பு பிஸ்கட் மாதிரி இருக்கும், கடித்தால்தான் தெரியும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு சின்ன ரகசியமாக எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

குழந்தைகள் நிறைய இருக்கும் வீடு என்றால் காம்பவுண்டும் பாதகமில்லை. அவர்கள் இனிப்பைத்தான் தேடுவார்கள்.

வெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கச் சொல்லும் செய்முறைகள் குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதியவை. வெண்ணெய் 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் அங்கே அது நடக்கும். கிருஷ்ணகிரியில் சித்திரையில் வெளியே வைத்த வெண்ணெய் அரை மணியில் எண்ணெயாகிவிடும். அதனால் நாம் உருக்கியே ஊற்றிவிடலாம். அடிக்கும் இயந்திரமும் வேண்டாம், பதமும் மெத்தென்று வரும். ஆனால் கலந்த மாவை ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுப்பில் தோசையாகப் பரவிவிடும். ஊறினால் ருசியும் கூடுகிறது, இரண்டு ராத்திரி வைத்தால் இன்னும் நல்லது. ஆவினில் உப்பில்லாத சமையல் வெண்ணெய் தனியாக வருகிறது, அதைக் கேளுங்கள்.

எதில் சுடுவது

முதல் வருடம் என்னிடம் ஓவன் இல்லை. மாவைக் கலந்து எடுத்துப்போய் ஊரில் ஒரு பேக்கரியில் கொடுத்தேன். ரொட்டி சுடும் சூட்டில் தட்டை உள்ளே தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடி கருகி, வெளியே எடுத்தபோது கல்லாக இருந்தது. அவர்களுடைய அடுப்பு 40 கிராம் குக்கீக்கானது இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்க்கவும் வழியில்லை. அன்று ராத்திரியே மறுபடி மாவு கலந்து வீட்டில் பழைய இட்லிக் குண்டானில் சுட்டேன். ஆயா திருப்பி வைத்தது அந்தக் குக்கீயைத்தான்.

குண்டான் மோசமான வழியில்லை. அடி கனமான அலுமினியப் பாத்திரம், உள்ளே ஒரு அங்குலம் பொடி உப்பு, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு, இறுக்கமான மூடி. பத்து நிமிடம் சூடேற்றிவிட்டுத் தட்டை வைக்க வேண்டும். தீயை நன்றாகக் குறைத்து 18 முதல் 20 நிமிடம். குக்கரில் செய்வதானால் வெயிட்டையும் கேஸ்கட்டையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரில்லாமல் சூடேறி நல்ல குக்கர் வீணாகலாம், பழையதை எடுப்பது நல்லது. ஒரு ஈட்டுக்கு நாலைந்துதான் கொள்ளும். பதினாறு முடிய இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

இதில் குறை, சூடு அடியிலிருந்து மட்டும் வருவது. அடி சிவந்த பிறகும் மேல் பக்கம் வெளுத்தே இருக்கும். மைதாக் குக்கீயில் அது வேகாத மாதிரி தெரியும். கேழ்வரகும் நாட்டுச்சர்க்கரையும் போட்ட மாவு முதலிலேயே பழுப்பு என்பதால் வெளுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஓவன் இல்லாதவர்கள் கேழ்வரகுக் குக்கீயைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம்.

ஓடிஜி என்று விற்கும் சின்ன மின் ஓவனில் மேலும் கீழும் கம்பி சூடேறும். 170 டிகிரி, நடுத்தட்டு, 11 முதல் 13 நிமிடம். ஒரு தட்டில் எட்டு கொள்ளும். சூடேற்றுவதையும் சேர்த்துப் பதினாறு குக்கீக்குச் சுமார் ஒரு யூனிட் கரண்ட். ஓரம் சிவந்து, நடு இன்னும் தொளதொளவென்று வேகாத மாதிரி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் அந்தச் சூட்டில் நடு தானாக இறுகும். முதல் தடவை செய்பவர்கள் எல்லோரும் பயந்துபோய் இன்னும் மூன்று நிமிடம் வைப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் வீட்டுக் குக்கீ கடைக் குக்கீ ஆகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை எந்த நாள் என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கப் போய்விடும்.

மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் என்ற, சூடான காற்றைச் சுற்றவிடும் வசதி இருந்தால் ஓவன் மாதிரியே வேலை செய்யும். வெறும் மைக்ரோவேவில் குக்கீ சிவக்காது, விட்டுவிடுங்கள்.

ஒரு பிறந்தநாளுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து ஓவன் வாங்க வேண்டுமா என்றால், தம்பிக்கு வேண்டாம் என்றேன். மாவை அவன் கையால் கலக்கட்டும், சுடுவதற்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும். "எதுல சுட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டால் அண்ணன் வீட்டு ஓவனில் என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. பேக்கரிக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டப்பா, பஸ், ஜன்னல்

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் அடுக்க வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம். சூடாக மூடினால் ஆவி வேர்த்து எல்லாம் நமத்துவிடும். எவர்சில்வர் டப்பாவா, பிளாஸ்டிக்கா, அட்டைப்பெட்டியா என்றால் நான் எவர்சில்வர்தான் சொல்வேன். முதல் நாள் ராத்திரி வெறும் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். அடுக்குக்கு நடுவில் பட்டர் பேப்பர். மேலே பிரெட் ஒரு துண்டு வைத்து மூடினால் குக்கீ அதிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு மெத்தென்றே இருக்கும். பிரெட் காய்ந்து போகும். அட்டைப்பெட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்றுப் புகும். ரிப்பனை எவர்சில்வர் டப்பாவிலும் கட்டலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே. பஸ் தெற்கே போகிறது. காலை வெயில் இடது பக்கம் அடிக்கும். வலது பக்க சீட்டில் உட்கார வேண்டும், டப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் பக்கத்தில் வைக்கவே கூடாது. பத்து மணிக்கு மேல் கிளம்பினால் நான் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் உதவாது.

கடைசியாக, அந்தப் பாதிக் குக்கீ விஷயம். தம்பியை இரண்டு டப்பா எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். பெரியதில் வீட்டுக்குப் பன்னிரண்டு, பால் சாக்லேட் போட்டது, அந்த வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் சாப்பிடுகிற மாதிரி. சின்னதில் நாலு, அந்தப் பெண்ணுக்கு மட்டும், டார்க் சாக்லேட் நறுக்கிப் போட்டு, சுடும் முன் மேலே இரண்டு கல் உப்புப் பரல். பெரிய டப்பாவைக் கூடத்தில் அத்தை கையில் கொடுக்க வேண்டும். சின்னதை எப்படிக் கொடுப்பது என்பது அவன் பாடு.

அவனுக்குக் குறித்துக் கொடுத்த அளவு இது. மைதா 120 கிராம், வறுத்த கேழ்வரகு மாவு 60, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 115, நாட்டுச்சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, மேலே சொன்ன அளவில் ஊறவைத்த ஆளி விதை, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெனிலா கொஞ்சம், சாக்லேட் மொத்தம் 150. வெண்ணெயையும் சர்க்கரைகளையும் கலக்கி, ஆளி விதையையும் வெனிலாவையும் சேர்த்து, சலித்த மாவைச் சோடா, உப்போடு கொட்டி, கரண்டியால் மடித்தால் போதும். மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், பிசையக் கூடாது. நாலில் ஒரு பங்கு மாவைத் தனியாக எடுத்து அதில் டார்க், மற்றதில் பால் சாக்லேட். 40 கிராம் உருண்டையாக உருட்டினால் பதினைந்து பதினாறு வரும்.

புதன்கிழமை ராத்திரி அவன் வீட்டில் மாவு கலக்க வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் ஓவன் சூடாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஆறரை பஸ். ஓசூரிலிருந்து மனைவி வியாழக்கிழமை எட்டே காலுக்கு வந்துவிடுவாள். மாவில் ஒரு உருண்டை கூடுதலாக உருட்டிக் கொண்டுவரச் சொல்லி அவனிடம் இப்போதே சொல்லிவிட்டாள். பாதியில்லை, முழுசு.